தானாக உதிரட்டும்

முதல் நாள், ஊசி அக்கா என் தாடையை விளக்கடியில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பொறுமை இருக்கா?"

"இருக்கு" என்றேன். விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஈரத்தாளில் விதைகளை வரிசையாக அடுக்கி, தாளைச் சுருட்டி, முளைப்பு அறையில் நிறுத்திவிட்டுக் காத்திருப்பதுதான் என் தொழில். பொறுமைக்குத்தான் எனக்குச் சம்பளமே.

"எல்லாரும் இருக்குன்னுதான் சொல்லுவாங்க" என்று மிதிகட்டையைக் காலால் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். "பாப்போம். கண்ணை மூடிக்கோம்மா."

ஊசி அக்கா என்பது அண்ணி வைத்த பெயர். தையல் கடைக்கு மேல் மாடியில் அவருடைய அறை. ஒரு கட்டில், வளையும் கழுத்துடைய பூதக்கண்ணாடி விளக்கு, சக்கரம் வைத்த முக்காலி, பழைய ரேடியோ அளவில் ஒரு கருவி. முடி முளைத்திருக்கும் குழிக்குள், அதன் சாய்வைப் பார்த்து, முடியைவிட மெல்லிய ஊசியை இறக்குவார். காலால் கட்டையை அழுத்துவார். சுருக்கென்று ஒரு சூடு. பிறகு இடுக்கியால் தொட்டால் போதும், ஊறிய பயறின் தோல் மாதிரி முடி வழுக்கிக்கொண்டு வரும். இழுக்க வேண்டியிருந்தால் வேர் இன்னும் சாகவில்லை என்று அர்த்தம். அப்புறம் அடுத்தது. ஒரு முழு முகத்தை இப்படி ஒவ்வொன்றாக.

தாடையில் வலி தாங்கலாம். மேலுதடு வேறு கதை. மூக்குக்கு நேர் கீழே ஊசி இறங்கும்போது அழாமலே கண்ணில் தண்ணீர் கொட்டும், தும்மல் முட்டும்.

"தும்மல் வந்தா முன்னாடியே கையைத் தூக்கிடு" என்பார். "நீ இந்தப் பக்கம் தும்மி, நான் அந்தப் பக்கம் குத்தி, அப்புறம் மூக்குக்கு வைத்தியம் பாக்கணும்."

எனக்கு இது கல்லூரி இரண்டாம் ஆண்டில் ஆரம்பித்தது. ஹார்மோன் என்றார் மருத்துவர். அவர் கொடுத்த மாத்திரை புதிதாக வருவதைக் குறைத்தது. வந்தது வந்ததுதான். நான் தினமும் பிடுங்கினேன். விதை எண்ணப் பழகிய கையில் இடுக்கி கிடைத்தால் கேட்கவா வேண்டும். குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு நான் நின்றால், அண்ணன் வெளியிலிருந்து கதவைத் தட்டுவான். "உள்ள என்ன ஆராய்ச்சியா நடக்குது? ஆபீஸ் போகணும்."

வேலையிடத்தில் முகக்கவசம் இருந்தது. மருந்து பூசிய விதைகளின் தூசு மூக்கில் ஏறக் கூடாது என்பதற்காக எல்லோரும் போடுவோம். தேநீர் நேரத்தில் மற்றவர்கள் அதைக் கழற்றிவிட்டு வராந்தாவில் கூடுவார்கள். நான் கோப்பையை என் மேசைக்கு எடுத்து வந்து சுவரைப் பார்த்துக் குடிப்பேன். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அங்கே யாரும் என் வாயைப் பார்த்திருக்க மாட்டார்கள். சிகிச்சைக்குப் போக ஆரம்பித்தபோது எனக்கு வேறு பெரிய ஆசை எதுவும் இல்லை. வராந்தாவில் நின்று தேநீர் குடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிடுங்கக் கூடாது என்பது ஊசி அக்காவின் முதல் விதி. வேண்டுமானால் கத்தரித்துக்கொள்ளலாம். வரும் நாளில் இடுக்கி பிடிக்கும் அளவுக்காவது முடி வளர்ந்திருக்க வேண்டும். அவர் எடுத்து, தோலும் ஆறிவிட்டால், சில நாட்களுக்குத் தாடை குழந்தையுடையது போல இருக்கும். பிறகு ஒரு காலையில் விரலில் மறுபடி சொரசொரக்கும்.

மூன்றாவது மாதமோ நான்காவது மாதமோ நான் உடைந்துபோய்க் கேட்டேன். "அக்கா, எடுத்ததெல்லாம் திரும்ப வருதே."

"அது போயாச்சு. இது பக்கத்து வீட்டுக்காரன். நான் போன தடவை வந்தப்ப தூங்கிக்கிட்டு இருந்தான், இப்பத்தான் எழுந்திருக்கான்."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரே தாளில் ஒரே நாளில் வைத்த விதைகள் ஒரே நாளில் முளைப்பதில்லை என்பது என் வேலையின் முதல் பாடம். சில கடின விதைகள் நீரே குடிக்காமல் கல்லாகக் கிடந்துவிட்டு, தங்களுக்குத் தோன்றும்போது எழும். அதை வருகிறவர்களுக்கெல்லாம் விளக்குகிற நான், என் தாடை என்றதும் மறந்துவிட்டேன்.

தோல் ஆறும் விதம் மட்டும் எப்போதும் ஒரே ஒழுங்கில் இருந்தது. அன்று மாலை சிவந்திருக்கும், எறும்பு கடித்ததுபோலச் சின்னச் சின்னத் தடிப்பு. மறுநாள் தடிப்பு அமுங்கும். அதற்கடுத்த நாள் ஊசி போன இடங்களில் பொருக்கு கட்டும். புகையிலை விதையைப் பார்த்திருக்கிறவர்களுக்கு அதன் அளவு தெரியும். மற்றவர்கள், பென்சில் முனையால் லேசாக வைத்த புள்ளி என்று நினைத்துக்கொள்ளலாம். வாரம் முடிவதற்குள் முகம் கழுவும் தண்ணீரோடு அவை போய்விடும். அடியில் புதுத்தோல் இருக்கும்.

"பொருக்கைப் பிய்க்கக் கூடாது" என்பது இரண்டாவது விதி. இதைத்தான் நான் மீறினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜன்னலோரம் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, வேலையிடத்து லென்ஸைக் கண்ணில் பொருத்திக்கொண்டு பார்த்தேன். இடப்பக்கத் தாடை முழுக்கப் பொருக்கு. பத்து மடங்கு பெரிதாகப் பார்த்தால் எந்தத் தோலும் நிலாவின் மேற்பரப்புதான். எனக்கு அது பொறுக்கவில்லை. நல்ல இடுக்கி, நல்ல வெளிச்சம், நடுங்காத கை. ஒவ்வொன்றாக விளிம்பைப் பிடித்துத் தூக்கினேன். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. முடித்துவிட்டுக் கண்ணாடியில் பார்த்தபோது, சொல்லப்போனால், பெருமையாகவே இருந்தது.

நாட்கள் போகப் போக ஒவ்வொரு புள்ளியும் பழுப்பாக இருண்டது. முடி இருந்த காலத்தில்கூட அந்தப் பக்கம் அப்படித் தெரிந்ததில்லை.

ஊசி அக்கா திட்டவில்லை. விளக்கை இழுத்துப் பார்த்தார், பிறகு வலப்பக்கத்துக்குத் தள்ளிவிட்டார்.

"இந்தப் பக்கம் தழும்பு மங்கற வரைக்கும் நான் தொட மாட்டேன்."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"தோலைத்தான் கேக்கணும். ஊசி குத்தறது மட்டும்தான்மா என் வேலை. மூடி போட்டு உள்ள வேலை செய்யறது உன் தோல். நீ நடுவுல மூடியைத் திறந்து வெந்திடுச்சான்னு பாத்திருக்கே."

அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. வேலையிடத்திலும் இதே விதி உண்டு. நாற்று வெளியே வரும்போது சிலவற்றில் விதையுறை இலைநுனியில் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டிருக்கும். இழுத்தால் உள்ளே மடங்கியிருக்கும் இலை கிழியும். புதிதாகச் சேருகிறவர்களிடம் 'இழுக்காதே, தானாக உதிரட்டும்' என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்திருக்கிறது.

வீட்டில் அண்ணி லென்ஸைப் பிடுங்கி மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்.

"இங்க பார், விஞ்ஞானி. இந்த உலகத்துல உன் மூஞ்சியை லென்ஸ் வச்சுப் பாக்கறது ரெண்டே பேர்தான். ஒருத்தங்க தொழிலுக்குப் பாக்கறாங்க. உனக்கு என்ன வேண்டுதலா?"

அந்த இடப்பக்கம் பல மாதம் சும்மா கிடந்தது. வெயிலில் போகும்போது ஸ்கார்ஃபால் மூடினேன், களிம்பு தடவினேன், கையை வைக்காமல் இருந்தேன். கையை வைக்காமல் இருப்பதுதான் கடினம். இந்த நேரத்தில் வலப்பக்கமும் மேலுதடும் சத்தமில்லாமல் தெளிந்துகொண்டு வந்தன. இடப்பக்கப் பழுப்பு மங்கி, தேநீர்க் கறை துடைத்த துணிபோல ஆகி, ஒரு நாள் எங்கே என்று தேட வேண்டியதாயிற்று. "சரி, அடுத்த தடவை இந்தப் பக்கம் திறந்திடலாம்" என்றார் ஊசி அக்கா.

அந்த வாரம்தான் மேடம் என்னைக் கூப்பிட்டார். மேடம் என்றால் எங்கள் கூடத்தின் தலைவர். விதை வளர்ப்பவர்கள் பயிற்சிக்கு வருகிறார்களாம். எது இயல்பான நாற்று, எது ஊனமான நாற்று என்று நான்தான் அவர்கள் முன் நின்று காட்ட வேண்டுமாம்.

"மாஸ்க் வேண்டாம்" என்றார். "மருந்து போடாத விதைதான் வைக்கப்போறோம். போன தடவை பேசினவர் மாஸ்க்குக்குள்ளயே முணுமுணுத்தார், பின் வரிசையில ஒருத்தர் குறட்டை விட்டார்."

"சல்லடை பேசலாமே, மேடம்."

சல்லடை எங்கள் கூடத்தில் விதையைச் சலித்துத் தூய்மை பார்ப்பவர். எனக்குச் சில வருடம் மூத்தவர். அவர் காதில் போட்டது எதுவும் தங்காது என்பதாலும் அந்தப் பெயர் பொருத்தம்.

"அவரைப் பேச விட்டா வந்தவங்களுக்குக் கடைசி பஸ் போயிடும். நீதான் பேசறே."

பயிற்சி நாளைக் காலண்டரில் பார்த்தேன். ஊசி அக்காவிடம் போகும் நாளிலிருந்து சரியாக இரண்டு நாள் கழித்து. பொருக்கு நன்றாகக் கட்டி நிற்கும் நாளில் நான் முப்பது நாற்பது பேருக்கு முன்னால் முகத்தைத் திறந்துகொண்டு நிற்க வேண்டும்.

நேரே தையல் கடை மாடிக்குப் போனேன்.

"இந்தத் தடவை தள்ளிப் போடலாமாக்கா?"

"போடலாம். ஆனா மகளுக்குப் பிரசவம், உன் நாள் முடிஞ்சதும் நான் கிளம்பறேன். திரும்பி வர ரெண்டு மாசம் ஆகும்." அவர் கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இடது பக்கம் இப்ப எல்லாம் ஒண்ணா நிமிந்து நிக்குது. இவ்வளவு நாள் காத்திருந்து கிடைச்ச கூட்டம். விட்டா பாதி மறுபடி படுத்துடும். அப்புறம் எழுந்திருக்க எழுந்திருக்கத் துரத்தணும். உன் இஷ்டம்தான்."

நாளைக்குச் சொல்கிறேன் என்று இறங்கினேன். அநேகமாக வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். கீழே தையல் கடை வாசலில், மடித்த காற்சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சல்லடை நின்றிருந்தார்.

மாடியிலிருந்து இறங்கும் படி அது ஒன்றுதான். மேலே போகிறவர்கள் எதற்குப் போகிறார்கள் என்று பலகையில் பெரிய எழுத்தில் இருக்கிறது.

"இடுப்பு இறுக்குது, பிரிச்சு விடச் சொன்னேன்" என்றார், நான் கேட்காமலே. "எப்பவும் இங்கதான் தைக்கறேன்."

"எப்பவுமா?"

"நாலஞ்சு வருஷமா. உங்களைப் பல தடவை பாத்திருக்கேன். நீங்க தரையைப் பாத்துக்கிட்டுப் போவீங்க."

ஒரு வருடத்துக்கும் மேலாக நான் இந்தப் படியில் ஏறி இறங்குகிறேன். "யார்கிட்டயாவது சொன்னீங்களா?" என்று கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் முகம் சுருங்கியது. "எனக்கு என்ன பேர்னு தெரியும். ஆனா சல்லடையில எல்லாமேவா கீழ விழுது? மேல தங்க வேண்டியது தங்கும். இல்லைன்னா என்னை எப்பவோ வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க." பிறகு காற்சட்டையை உதறிப் பார்த்தார். "மேடம் ரிட்டயர் ஆகப் போறதைத்தான் எல்லார்கிட்டயும் சொன்னேன். அது பொதுச் செய்தி."

"மேடம் அதை இன்னும் வெளிய சொல்லவே இல்லையே."

"அப்படியா?" என்றார் அவர்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் போனபின் சிறிது நேரம் அங்கேயே நின்றேன். யாருக்கும் தெரியக் கூடாது என்று நான் இத்தனை நாள் கட்டிக் காத்தது, ஊரிலேயே ஓட்டைவாய்க்காரர் ஒருவரிடம் பத்திரமாக இருந்திருக்கிறது. திரும்பி மாடி ஏறினேன்.

"அக்கா, தள்ள வேண்டாம். வரேன்."

அவர் இடப்பக்கம் முழுவதையும் ஒரே இருப்பில் எடுத்தார். நடுவில் ஒரு முறை முதுகை நிமிர்த்திக்கொண்டு, "இந்தத் தடவை மூடியைத் திறக்கக் கூடாது" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

பயிற்சி நாள் காலை அண்ணி தன் அலங்காரப் பெட்டியோடு வந்து நின்றார்.

"உக்காரு. தோல் நிறத்துலயே ஒரு பூச்சு இருக்கு. ஒருத்தனும் கண்டுபிடிக்க முடியாது."

"பொருக்கு மேல எதுவும் போடக் கூடாதாம், அண்ணி."

"ஒரே ஒரு நாள்."

கண்ணாடியில் பார்த்தேன். தாடையின் இடது வளைவில் ஒரு பொருக்கின் விளிம்பு மட்டும் நிமிர்ந்து நின்றது. நகம் வைத்தால் போதும். என் கை தானாகப் போனது. அண்ணி மணிக்கட்டைப் பிடித்துக் கீழே வைத்தார். பெட்டியையும் மூடினார்.

"சரி, போ. யாராவது கேட்டா, எங்க அண்ணி கடிச்சுட்டாங்கன்னு சொல்லு."

கூடத்தில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. வாசலில் முகக்கவசத்தைக் கழற்றி அங்கியின் பையில் வைத்தேன். தாடையில் காற்றுப் பட்டது. முதல் சில வாக்கியங்களை, மேசையில் நாற்றுகள் நின்ற மணல் தட்டைப் பார்த்துத்தான் சொன்னேன். நிமிர்ந்தபோது, பின் சுவரோரம் நின்றிருந்த சல்லடை கையைக் காதுக்குப் பின்னால் குவித்து, கேட்கவில்லை என்று முகம் காட்டினார். அவருக்கு நன்றாகவே கேட்டிருக்கும். குரலை உயர்த்தினேன். பிறகு அதை இறக்க மறந்துவிட்டேன்.

நாற்றுகளை வரிசையாக வைத்து, இதற்கு வேர் நேராக இருக்கிறது, இதற்குத் தண்டு முறுக்கியிருக்கிறது, இது கண்ணாடிபோல வெளுத்துவிட்டது, பிழைக்காது என்று காட்டிக்கொண்டு வந்தேன். முன் வரிசையில் அகலமான கைகளோடு ஒரு பெரியவர் இருந்தார். எல்லோரும் மேசையைச் சூழ்ந்து நின்றபோது, அவர் விரல் ஒரு நாற்றை நோக்கிப் போனது. அதன் தலையில் விதையுறை மாட்டியிருந்தது.

"இழுக்காதீங்க" என்றேன்.

"பாவம், தொப்பி மாட்டிக்கிட்டு நிக்குது. எடுத்து விட்டா லேசாயிடும்ல?"

"உள்ள இலை இன்னும் தயாராகல. இழுத்தா கிழிஞ்சுடும். ஈரம் காட்டி விட்டுட்டா, தானா உதிரும்."

அவர் கையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார். வெகு அருகில் இருந்தார். என் தாடையை, நாற்றைப் பார்த்த அதே கண்ணால், சாவகாசமாகப் பார்த்தார்.

"அப்ப உங்க தாடையில இருக்கறதும் அதே மாதிரியா?"

மேடம் எதையோ சொல்ல வாய் திறப்பது தெரிந்தது. எனக்குக் காது சூடானது. ஆனால் காலையிலிருந்து கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் பழகிப்போயிருந்தது.

"ஆமாங்க, அதே மாதிரிதான்" என்றேன். "எனக்குத் தாடையில முடி வளருது. ஊசி வச்சு வேரோட எடுக்கறேன். எடுத்த இடத்துல பொருக்கு கட்டும். இதையும் இழுக்கக் கூடாது. ஒரு தடவை இழுத்தேன், தழும்பு போக மாசக்கணக்காச்சு."

பெரியவர் தலையை ஆட்டி யோசித்தார்.

"சம்பளம் வாங்கிட்டு இங்க முளைக்க வைக்கறீங்க. சம்பளத்தைக் குடுத்து அங்க முளைக்காம பண்றீங்க."

முதலில் சிரித்தது நான்தான். பிறகு எல்லோரும். அவருக்குப் பக்கத்தில் இருந்த பெண்மணி அவர் தோளில் ஒரு அடி வைத்து, "வயசுப் பொண்ணுகிட்ட கேக்கற கேள்வியா இது?" என்றார். பிறகு என் பக்கம் குனிந்து, "முழுசாப் போயிடுமாம்மா?" என்று தானும் கேட்டார்.

"போகும். தூங்கறதெல்லாம் எழுந்திருக்கணும். எழுந்திருக்க எழுந்திருக்க எடுக்கணும்."

"களை மாதிரி."

"களை மாதிரிதான்."

அவ்வளவுதான். அடுத்தவர் அழுகிய வேரைப் பற்றிக் கேட்டார். அதற்கு அடுத்தவர், சாப்பாடு எப்போது என்று கேட்டார்.

நிமிர்ந்து நின்ற அந்தப் பொருக்கு எப்போது விழுந்தது என்று எனக்குத் தெரியாது. ஒரு காலை முகம் கழுவிவிட்டுத் துடைத்தபோது அங்கே இல்லை. துண்டில் தேடினேன், கிடைக்கவில்லை. அந்த இடம் இளஞ்சிவப்பாக, பளபளப்பாக இருந்தது. சில வாரங்களில் பக்கத்துத் தோலின் நிறத்துக்கு வந்துவிட்டது. பழுப்பு எதுவும் வரவில்லை. அண்ணி லென்ஸைத் திருப்பித் தந்தார். நான் அதை வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

ஊசி அக்கா பேரக்குழந்தையின் புகைப்படங்களோடு திரும்பி வந்தார். எல்லாவற்றையும் காட்டி முடித்த பிறகுதான் விளக்கை இழுத்தார். இடப்பக்கத்தைத் தடவினார், திருப்பினார், விளக்கை இன்னும் தாழ்த்தினார்.

"என்னம்மா, ஆளையே காணோம்? எங்க இருக்குன்னு நீயே சொல்லு."

"வலது பக்கம் காதுக்குக் கீழ ஒண்ணு இருக்குக்கா. மேலுதட்டுல ஓரத்துல ரெண்டு."

"அப்ப இன்னிக்கு எனக்கு வேலை கம்மி."

ஊசி இறங்கியது. சூடு வந்து போனது. கீழே தையல் கடை ரேடியோவில் யாரோ வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அக்கா என் தோளைத் தட்டினார். நான் தூங்கியிருக்கிறேன்.

"முடிஞ்சது, எழுந்திரு. இதுவரைக்கும் இந்தக் கட்டில்ல யாரும் குறட்டை விட்டதில்லை."

மறுநாள் வராந்தாவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, மேடம் ஓய்வு பெறப் போகும் செய்தியைச் சல்லடை புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம் ரகசியமாகச் சொன்னார். மேடம் அவருக்குப் பின்னால் நின்றிருந்தார். என் மேலுதட்டு ஓரத்தில் இரண்டு சிவப்புப் புள்ளிகள் இருந்தன. கோப்பை அவற்றில் படாமல் கொஞ்சம் தள்ளி வைத்துக் குடித்தேன்.